ஜாஸ் வீடன் சினிமாக்காரரா, டிவிக்காரரா? பஃபி முதல் ஜஸ்டிஸ் லீக் வரை

கருப்புக்கண்ணாடி:

ஜஸ்டிஸ் லீக் படத்துக்கான இழை, அதை முதலில் இயக்கிய ஜாக் ஸ்னைடரின் ரசிகர்களின் அடிதடியாகவே போய்க்கொண்டிருப்பதால் இதைத் தனியாகத் திறக்கிறேன். அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்றுதான்: சூப்பர் ஹீரோக் கூட்டத்தை வைத்து 2012இல் அவெஞ்சர்ஸ் எடுத்த ஆள் 2017இல் ஜஸ்டிஸ் லீகில் எப்படி அப்படிச் சொதப்பினார்? என் கட்சி என்னவென்றால், ஆள் மாறவே இல்லை. இரண்டு படத்திலும் ஜாஸ் வீடன் செய்தது டிவி வேலைதான். முதல் படத்துக்கு அந்த வேலை வேண்டியிருந்தது, இரண்டாவதுக்கு அது ஒத்துவரவில்லை.

கொஞ்சம் பின்னால் போகணும். தாத்தா ஜான் வீடன், அப்பா டாம் வீடன் இருவருமே டிவி எழுத்தாளர்கள். இவரும் ரோசான் தொடரில் எழுத்தாளராகத்தான் ஆரம்பித்தார். பிறகு பஃபி த வாம்பயர் ஸ்லேயர் படத்துக்குத் திரைக்கதை. பேய்ப்படங்களில் இருட்டுச் சந்துக்குள் போய் முதல் ஆளாகச் செத்துப்போகும் அந்தப் பொன்னிற முடிக்காரி திருப்பி அடித்தால் எப்படி இருக்கும் என்பதுதான் கரு. 1992இல் வந்த படம் அதை வெறும் கேலிக்கூத்தாக்கிவிட்டது என்று அவருக்குக் கடுப்பு. 1997 மார்ச்சில் அதே கதை தொடராக வந்தது. முதல் காட்சியைப் பாருங்கள். இரவில் ஒரு பையன் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூட ஜன்னலை உடைத்து உள்ளே நுழைகிறான். அவள் பயந்து பயந்து பார்க்கிறாள், என்னவோ சத்தம் கேட்டதே என்கிறாள். யாருமே இல்லை என்று அவன் தைரியம் சொல்கிறான். நிஜமாகவா என்று கேட்டுவிட்டு அவள் திரும்பும்போது முகம் ரத்தக்காட்டேரி முகமாக மாறியிருக்கிறது. இந்தத் தொடர் என்ன செய்யப்போகிறது என்பதை அங்கேயே சொல்லி முடித்துவிட்டார்.

7 சீசன், 144 எபிசோட். அதிலிருந்து பிரிந்து வந்த ஏஞ்சல் 5 சீசன், 110 எபிசோட். 2002 கடைசியில் பஃபி, ஏஞ்சல், விண்வெளித் தொடரான ஃபயர்ஃப்ளை மூன்றும் ஒரே சமயத்தில் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் அவெஞ்சர்ஸுக்கு முன் அவர் இயக்கி வெளிவந்த சினிமா செரினிட்டி ஒன்றுதான், அதுவும் பாதியில் நின்ற ஃபயர்ஃப்ளையை முடித்து வைப்பதற்காக எடுத்தது. அப்படிப்பட்டவரிடம் 220 மில்லியன் டாலர் படத்தை மார்வெல் ஏன் கொடுத்தது? ஆறேழு பேரை ஒரே அறைக்குள் விட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு வசனம், ஒரு கோபம், ஒரு காரணம் கொடுத்து ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும். அதைத்தான் அவர் வாரா வாரம் செய்துகொண்டிருந்தார்.

நள்ளிரவுக்காட்சி:

பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவெஞ்சர்ஸ் ஓடியதற்கு அவர்தான் காரணம் என்பது கொஞ்சம் ஓவர் பாஸ். அயர்ன் மேன், ஹல்க், அயர்ன் மேன் 2, தார், கேப்டன் அமெரிக்கா என்று ஐந்து படங்களில் ஆட்களை அறிமுகப்படுத்தி முடித்த பிறகு பந்தி பரிமாறினால் போதும் என்ற நிலையில்தான் அவர் உள்ளே வந்தார். 1.5 பில்லியன் டாலர் வசூலில் மார்வெல் தயாரிப்பாளர் கெவின் ஃபைகியின் திட்டத்துக்கு எத்தனை பங்கு?

அப்புறம் இன்னொன்று. படம் பல இடங்களில் டிவி மாதிரியே இருக்கிறது. அந்தப் பறக்கும் கப்பல் காட்சிகளில் வெளிச்சம் தட்டையாக, எல்லாமே பளிச்சென்று, செட் செட்டாகவே தெரிகிறது.

கருப்புக்கண்ணாடி:

நீங்கள் சொல்வது என் கட்சிக்குத்தான் வலு. அந்த ஐந்து படங்கள் ஒரு சீசன், இது அந்த சீசனின் கடைசி எபிசோட். கடைசி எபிசோட் எழுதுவதில் இந்த ஆள் கெட்டி. ஜாக் பென் ஏற்கெனவே எழுதி வைத்திருந்ததை ஓரமாக வைத்துவிட்டுத் திரைக்கதையை இவர் புதிதாக எழுதினார் (கதைக்கான பெயரில் பென்னும் இருக்கிறார்).

வெளிச்சம் தட்டை, அதை மறுக்கவில்லை. ஆனால் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் முட்டிக்கொள்ளும் காட்சியைக் கவனியுங்கள். டோனி, ஸ்டீவ், பேனர், நடாஷா, தார், ஃபியூரி ஆறு பேர் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிப் பேசுகிறார்கள். கேமரா மெதுவாக வில்லன் லோகியின் செங்கோலுக்குப் பக்கத்தில் வந்து தலைகீழாகிறது. யார் எதற்காகக் கத்துகிறார்கள் என்பது ஒரு இடத்திலும் குழம்பாது. பேனர் பேசிக்கொண்டே போய், கையில் செங்கோலை எடுத்து வைத்திருப்பதே தெரியாமல் நிற்கிறார், மற்றவர்கள் சொல்லித்தான் கீழே பார்க்கிறார். ஐந்து படம் இல்லையென்றால் இந்தக் காட்சிக்குக் கனம் இருந்திருக்காது, சரி. ஆனால் அதே ஐந்து படத்தை வைத்துக்கொண்டு இந்தக் காட்சியை எழுத வேறு எத்தனை பேருக்கு வந்திருக்கும்?

இடைவேளை:

கடைசிச் சண்டையில் அயர்ன் மேனிலிருந்து கேப்டனுக்கு, அங்கிருந்து ஹாக்ஐக்கு, ஹல்க்குக்கு என்று ஒரே ஷாட் மாதிரி ஊர்வலம் போகும் இடம்தான் எனக்குப் பிடித்தது. லோகி பெரிய கடவுள் போல வசனம் பேசப்போக, ஹல்க் காலைப் பிடித்துத் தரையில் துணி துவைத்த இடத்தில் தியேட்டரில் விழுந்த சிரிப்பில் அடுத்த வசனம் யாருக்குமே கேட்கவில்லை.

ஒரு கொசுறு: எல்லாம் முடிந்தபின் கடையில் உட்கார்ந்து பேசாமல் ஷவர்மா தின்னும் துண்டு, அமெரிக்காவில் பிரீமியர் முடிந்த பிறகுதான் எடுக்கப்பட்டது. அதற்குள் கிறிஸ் எவன்ஸ் வேறு படத்துக்காகத் தாடி வளர்த்துவிட்டார். அதனால்தான் கேப்டன் தின்னாமல் முகத்தில் கை வைத்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

பழையடிவிடி:

தாடியில் ஆரம்பித்து, ஜஸ்டிஸ் லீகில் சூப்பர்மேன் மீசையில் முடிந்த கதை.

ரயில்சிநேகிதி:

எல்லோரும் மார்வெலைப் பற்றியே பேசுகிறீர்கள். அவர் உண்மையிலேயே பெரிய ஆள் என்று நான் நினைத்தது டிவியில்தான், அதுவும் வசனமே இல்லாத எபிசோடில்.

இவருடைய தொடர் என்றால் வசனம்தான், வசனத்தை எடுத்துவிட்டால் ஒன்றுமில்லை என்ற பேச்சு இருந்தது. 1999 டிசம்பரில் வந்த பஃபியின் ஹஷ் எபிசோடில் ஊர் முழுவதும் குரலைத் திருடிவிடுகிறார்கள். திருடுபவர்கள் கோட் சூட் போட்டு, தரையில் கால் படாமல் மிதந்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டே வரும் கனவான்கள். கிட்டத்தட்ட 27 நிமிடம் யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. நடுவில் பஃபியின் வழிகாட்டி கைல்ஸ் பாடம் நடத்தும் காட்சி இருக்கிறதே, வகுப்பறை புரொஜெக்டரில் கண்ணாடித் தாளில் படம் வரைந்து, பின்னணியில் பயங்கர இசையைப் போட்டுக்கொண்டு விளக்குகிறார். எப்படிக் கொல்வது என்று பஃபி கையை மேலும் கீழும் குத்திக் காட்டுகிறாள், மொத்த வகுப்பும் வேறு மாதிரி அர்த்தம் பண்ணிக்கொண்டு அவளையே பார்க்கிறது. உடனே கையில் கட்டையை எடுத்துக்கொண்டு மறுபடி செய்து காட்டுகிறாள். சிரித்து முடிப்பதற்குள் அடுத்த காட்சியில் பயம் வந்துவிடும். எழுத்துக்காக எம்மி என்ற டிவி விருதுக்குப் பரிந்துரை கிடைத்தது இந்த எபிசோடுக்குத்தான்.

அப்புறம் த பாடி, 2001. பஃபியின் அம்மா சோஃபாவில் இறந்து கிடக்கிறார். பேய் பிசாசு காரணமில்லை, உடம்புதான் காரணம். எபிசோட் முழுவதும் பின்னணி இசையே கிடையாது. பஃபி தரையில் வாந்தி எடுக்கிறாள், காகிதத் துண்டை எடுத்து வந்து அதன் மேல் போடுகிறாள், அந்தக் காகிதம் நனைவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். வெளியே தெருவில் குழந்தைகள் விளையாடும் சத்தம். உலகத்தைக் காப்பாற்றுகிறவளுக்கு அந்த நேரத்தில் செய்ய இருப்பது அவ்வளவுதான். சூப்பர் ஹீரோ படங்களில் இவ்வளவு பேர் செத்துச் செத்துத் திரும்பி வருகிறார்கள், ஒரு மரணமாவது இந்த அளவுக்கு உடம்பில் இறங்கியிருக்கிறதா?

நள்ளிரவுக்காட்சி:

மரணம் என்றதும் ஞாபகம் வருகிறது, அவெஞ்சர்ஸில் ஏஜென்ட் கோல்சனைக் கொன்று கண்ணீர் வரவைத்துவிட்டு அடுத்த வருடமே ஏஜென்ட்ஸ் ஆஃப் ஷீல்ட் தொடரில் எழுப்பி உட்கார வைத்தவரும் இவர்தானே! பிரியமான பாத்திரத்தைப் போட்டுத் தள்ளுவது அவருடைய வழக்கமான உத்தி. முதல் தடவை அதிர்ச்சி, நாலாவது தடவை யார் சிரித்துப் பேசுகிறார்களோ அவர்கள்தான் அடுத்து என்று நாமே கண்டுபிடித்துவிடுவோம்.

தூங்காநகரம்:

தெரியாமல் கேட்கிறேன், ஃபயர்ஃப்ளை என்பது 14 எபிசோட். அதற்கு ஏன் இவ்வளவு அழுகை?

பழையடிவிடி:

இது என் ஏரியா, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

2002 செப்டம்பரில் ஃபாக்ஸ் சேனலில் தொடங்கியது. விண்வெளியில் கௌபாய் வெஸ்டர்ன் கதை. உள்நாட்டுப் போரில் தோற்ற பக்கத்தில் நின்ற ஒரு சார்ஜென்ட், பிழைப்புக்காக ஒரு ஓட்டைக் கப்பலில் சரக்குக் கடத்துகிறார். வேற்றுக்கிரகவாசி ஒருவர்கூட இல்லை. இரண்டு மணி நேர முதல் எபிசோட் மந்தமாக இருக்கிறது என்று சேனல் சொல்லிவிட்டது. வேறொன்று கொடு என்றார்கள். வீடனும் டிம் மினியரும் ஒரு வார இறுதியில் உட்கார்ந்து த டிரெய்ன் ஜாப் எழுதினார்கள், அதுதான் முதலில் ஒளிபரப்பானது. ஆட்களை அறிமுகப்படுத்துகிற அந்த அசல் முதல் எபிசோட் டிசம்பரில், தொடரை நிறுத்தும்போது போட்டார்கள். நடுவில் வரிசையும் மாறிப்போனது. நேரமோ வெள்ளிக்கிழமை இரவு, வீட்டில் யார் இருப்பார்கள்? 14 எடுத்ததில் 11தான் அப்போது டிவியில் வந்தது.

டிவிடி வந்தபின் விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. அதைக் காட்டித்தான் யுனிவர்சல் செரினிட்டிக்குப் பணம் போட்டது. ரத்தான தொடரைச் சினிமாவாக்கியதெல்லாம் அன்றைக்கு நடக்காத காரியம். 2005இல் வந்தது, சுமார் 39 மில்லியன் செலவு, உலகம் முழுக்கச் சேர்த்து வசூலும் ஏறக்குறைய அவ்வளவுதான். ரசிகர் கூட்டம் சத்தமாக இருந்தது, பெரிதாக இல்லை.

அழுகைக்குக் காரணம் கப்பல். அதன் உள்பக்கத்தைத் தனித்தனி அறையாகப் போடாமல், ஒரு தளம் முழுவதையும் சேர்த்தே செட் போட்டார்கள். ஓட்டுநர் அறையிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு நடிகர் நிஜமாகவே நடந்து போகலாம், கேமராவும் கூடவே போகும். செரினிட்டி படத்தின் ஆரம்பத்தில் கேப்டன் மால் கப்பலை ஒரு சுற்று வருகிற நீண்ட ஷாட்டைப் பாருங்கள். ஒவ்வொருவரிடமும் இரண்டு வரி பேசுகிறார், கப்பல் கீழே விழப்போகிறது என்று பேசிக்கொண்டே நடக்கிறார். தொடரைப் பார்க்காதவனுக்கும் யார் யார், யாருக்கும் யாருக்கும் ஆகாது, என்ன ஆபத்து என்பதெல்லாம் அந்த ஒரு நடையில் தெரிந்துவிடுகிறது. அவெஞ்சர்ஸின் ஊர்வல ஷாட்டுக்கு ஒத்திகை அது.

மழைநிலா:

ஃபயர்ஃப்ளை பற்றி ஒரு குறை சொல்லாமல் போக முடியாது. அந்த உலகத்தில் எல்லோரும் கெட்ட வார்த்தையைச் சீன மொழியில் திட்டுகிறார்கள், அமெரிக்காவும் சீனாவும் சேர்ந்த எதிர்காலம் என்கிறார்கள், ஆனால் ஒன்பது முக்கியப் பாத்திரத்தில் ஒரு சீன முகம் கிடையாது. போரில் தோற்றவர்கள்தான் நல்லவர்கள் என்ற அமைப்பும், அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஜாடையில் வருவதால், கொஞ்சம் நெருடுகிறது. எனக்கும் தொடர் பிடிக்கும், பிடிப்பதாலேயே சொல்கிறேன்.

இடைவேளை:

அவர் சினிமாவுக்கு எழுதிக் கொடுத்த கணக்கையும் சேருங்கள். டாய் ஸ்டோரி திரைக்கதையில் இவர் பெயர் இருக்கிறது, ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது. ஸ்பீட் படத்தில் பெயர் இல்லை, ஆனால் வசனத்தில் பெரும்பகுதி வீடன் எழுதியதுதான் என்று திரைக்கதையாசிரியர் கிரஹாம் யோஸ்ட்டே சொல்லியிருக்கிறார். எக்ஸ்-மென் படத்தை மாற்றி எழுதினார், அதில் கடைசியில் மிஞ்சியது ஒன்றிரண்டு வரிதான். மின்னல் தாக்கினால் தவளைக்கு என்ன ஆகும், மற்ற எல்லாவற்றுக்கும் ஆவதுதான் ஆகும் என்று ஸ்டார்ம் என்ற பாத்திரம் சொல்கிற ஊரறிந்த மொக்கை அதில் ஒன்று. சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போக வேண்டிய வரியை அரசவை வசனம் போலச் சொல்லிக் கெடுத்துவிட்டார்கள் என்பது அவர் வாதம். ஏலியன் ரெஸரக்‌ஷனுக்கும் இதே புலம்பல், எழுதியதைத்தான் எடுத்தார்கள், எல்லாவற்றையும் தப்பாக எடுத்தார்கள் என்று.

மழைநிலா:

ஆக, சரியாக வந்தால் என் எழுத்து, வராவிட்டால் நடிகர் தப்பு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கருப்புக்கண்ணாடி:

இரண்டாவது அவெஞ்சர்ஸ் படமான ஏஜ் ஆஃப் அல்ட்ரானுக்கு வருவோம். 2015, 1.4 பில்லியன் வசூல், ஆனால் ஆள் நொந்து வெளியே வந்தார். அந்தப் படத்தில் அவருக்கு வேண்டியிருந்தது ஹாக்ஐயின் பண்ணை வீடு. எல்லோரும் தோற்றுப்போய் ஒரு சமையலறையில் உட்கார்வது, விறகு வெட்டிக்கொண்டே ஸ்டீவும் டோனியும் முறைத்துக்கொள்வது. சுத்தமான டிவி. ஸ்டூடியோவுக்கு வேண்டியிருந்தது தார் குகைக்குப் போய்த் தண்ணீரில் இறங்கி அடுத்த படங்களுக்கு விளம்பரம் காட்டுவது. குகை வேண்டாம் என்றால் பண்ணையும் போய்விடும் என்று மிரட்டிப் பேரம் பேசினார்கள் என்று அவரே பேட்டியில் சொன்னார். கடைசியில் இரண்டும் இருக்கின்றன. குகை வரும் இடத்தில் படம் படுத்துவிடுகிறது. ஆனால் முதல் பாதி பார்ட்டியில் தாரின் சுத்தியலை ஒவ்வொருவராகத் தூக்கிப் பார்க்கிற காட்சி, ஸ்டீவ் கை வைத்ததும் அது லேசாக அசைய, தாரின் சிரிப்பு ஒரு நொடி மறைகிற இடம், அந்த மாதிரி இடத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

ஜஸ்டிஸ் லீகில் என்ன நிலைமை? 2017 மே மாதம், மகள் இறந்த துக்கத்தில் ஸ்னைடர் விலகுகிறார். வீடன் உள்ளே வந்து நிறைய மறுபடி எடுக்கிறார். படம் இரண்டு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. சைபார்க், ஃபிளாஷ், அக்வாமேன் மூவருக்கும் முன்னால் தனிப் படம் வரவில்லை. சீசனே ஓடாமல் கடைசி எபிசோட் எழுதச் சொன்னால்? ஸ்னைடர் இருண்ட கல்வெட்டு மாதிரி எடுத்து வைத்ததன் மேல் இவர் ஜோக் ஒட்டுகிறார். ஒட்டு ஒவ்வொன்றும் தெரிகிறது. ஹென்றி கேவில் அப்போது மிஷன் இம்பாசிபிள் படத்துக்காக மீசை வைத்திருந்தார், பாரமவுண்ட் மழிக்க விடவில்லை, மீசையைக் கணினியில் அழித்தார்கள். முதல் காட்சியிலேயே சூப்பர்மேனின் மேலுதடு தனியாக நீந்துகிறது. 2021இல் வந்த ஸ்னைடர் பதிப்பு நான்கு மணி நேரம், அதில் சைபார்க்குக்கு அப்பா, விபத்து, கோபம் எல்லாம் இருக்கிறது. படத்தின் இதயத்தையே வெட்டி எறிந்துவிட்டுத்தான் இரண்டு மணி நேரமாக்கியிருக்கிறார்கள்.

மழைநிலா:

மேலிடத்து உத்தரவு, மீசை, முன்படம் இல்லை, எல்லாம் சரி. சைபார்க்காக நடித்த ரே ஃபிஷர் 2020 ஜூலையில் என்ன சொன்னார் என்பதை மட்டும் ஏன் தாண்டிப் போகிறீர்கள்? படப்பிடிப்பில் வீடன் நடிகர்களையும் ஊழியர்களையும் மட்டமாக, அத்துமீறி நடத்தினார் என்று வெளிப்படையாக எழுதினார். வார்னர்மீடியா விசாரணை வைத்தது, 2020 டிசம்பரில் முடித்தது, நடவடிக்கை எடுத்தோம் என்று மட்டும் சொன்னது. 2021 பிப்ரவரியில் கரிஷ்மா கார்ப்பென்டர் பேசினார், ஏஞ்சலில் நடித்தபோது கர்ப்பமாக இருந்த தன்னை எப்படி நடத்தினார் என்று. பஃபியில் நடித்த ஆம்பர் பென்சன் அவருக்குத் துணை நின்றார். மிஷெல் டிராக்டன்பர்கும் பேசினார், பஃபியில் நடித்தபோது அவர் பதின்ம வயதுப் பெண். பஃபியாக நடித்த சாரா மிஷெல் கெல்லரே, பஃபி என்ற பெயரோடு இருப்பது பெருமை, வீடன் பெயரோடு காலமெல்லாம் இணைந்திருக்க விருப்பமில்லை என்று எழுதிவிட்டார். 2022 ஜனவரியில் நியூயார்க் இதழில் வந்த பேட்டியில் வீடன் பெரும்பாலானவற்றை மறுத்தார், ஃபிஷரின் நடிப்பு சரியில்லை என்றார், வொண்டர் வுமனாக நடித்த கல் கடோட் ஆங்கிலம் தாய்மொழி இல்லாததால் தன் பேச்சைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்றார். நான் மேலே ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்குத்தான்.

நள்ளிரவுக்காட்சி:

படைப்பு வேறு, ஆள் வேறு என்று வைத்துக்கொள்ள முடியாதா தோழி?

மழைநிலா:

வேறு ஒருவராக இருந்தால் யோசிக்கலாம். இவர் விஷயத்தில் விளம்பரமே ஆளை வைத்துத்தான் நடந்தது. பெண்களுக்காக எழுதுகிற ஆண் என்று மேடை மேடையாகப் பாராட்டு வாங்கினார். அந்தப் பாராட்டின் மேல்தான் அடுத்த தொடர், அடுத்த படம் எல்லாம் கிடைத்தது. பஃபியை நான் தூக்கி எறியவில்லை, இன்றைக்கும் பார்க்கிறேன். ஆனால் அதை அவர் ஒருவரின் சொத்தாகப் பேசுவதை நிறுத்திவிட்டேன். ஆறாவது சீசனைக் கையில் வைத்து நடத்தியவர் மார்டி நாக்சன். ஜேன் எஸ்பென்சன், டேவிட் ஃப்யூரி, டக் பெட்ரி, ஸ்டீவன் டிநைட், ட்ரூ காடர்ட் என்று பெரிய கதை விவாதக் குழு இருந்தது. காடர்டும் டிநைட்டும் பிறகு டேர்டெவில் தொடரை உருவாக்கி நடத்தினார்கள்.

கருப்புக்கண்ணாடி:

தாண்டிப் போகவில்லை, அடுத்து அதற்குத்தான் வந்துகொண்டிருந்தேன். அமெரிக்க டிவியில் தொடரை நடத்துகிறவர் கையில் இருக்கிற அதிகாரம் சினிமா இயக்குநருக்குக்கூடக் கிடையாது. யார் அடுத்த எபிசோடில் இருப்பது, யாரைக் கொல்வது, யார் ஒப்பந்தம் நீளுவது, எல்லாம் ஒரே ஆள். ஒரு சீசனின் இருபத்திரண்டு எபிசோடும் தடங்கலில்லாமல் ஒரே குரலில் வருவதற்கும் அதுதான் காரணம், ஒரு நடிகை கர்ப்பமானால் அதைச் சொல்லவே பயப்பட வேண்டிய நிலை வருவதற்கும் அதுதான் காரணம். வீடன் த நெவர்ஸ் தொடரை எச்பிஓ சேனலில் ஆரம்பித்து, ஒளிபரப்புக்கு முன்பே 2020 நவம்பரில் அதிலிருந்து விலகினார். அதற்குப் பிறகு பெரிதாக எதுவும் வரவில்லை. அவருக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. வேலை எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்வதற்காகத்தான் பேசுகிறேன்.

ரயில்சிநேகிதி:

அதிகாரமும் பணமும் இல்லாமல் செய்ததில் நல்லது வந்ததே, அதை யாரும் சொல்லவில்லை. 2007 கடைசியில் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் நடந்தபோது எழுந்த யோசனைதான் டாக்டர் ஹாரிபிள் என்ற பாட்டுக் குறுந்தொடர். தம்பிகளோடு சேர்ந்து எழுதி, சொந்தப் பணத்தில் எடுத்து, 2008 ஜூலையில் மூன்று பாகமாக இணையத்தில் விட்டார். நீல் பாட்ரிக் ஹாரிஸ் தோற்றுக்கொண்டே இருக்கும் வில்லன், துவைக்கும் கடையில் பார்த்த பெண்ணிடம் பேச வாய் வராமல் பாட்டாகப் பாடுகிறான். நேதன் ஃபிலியன் தற்பெருமை பிடித்த ஹீரோ. கூட்டம் தாங்காமல் தளமே முடங்கியது, எம்மியும் கிடைத்தது. அதே மாதிரி அவெஞ்சர்ஸ் படப்பிடிப்பு முடிந்து எடிட்டிங் போவதற்கு நடுவில் கிடைத்த இடைவெளியில், நண்பர்களை வீட்டுக்குக் கூப்பிட்டு 12 நாளில் ஷேக்ஸ்பியரின் மச் அடோ எபவுட் நத்திங் நாடகத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். சமையலறை, தோட்டம், குழந்தைகளின் பொம்மை அறை எல்லாம் அவருடைய சொந்த வீடு.

தூங்காநகரம்:

சரி, இவ்வளவு படித்ததில் ஆசை வந்துவிட்டது. ஃபயர்ஃப்ளையை எந்த வரிசையில் பார்ப்பது? நான் வைத்திருப்பதில் டிரெய்ன் ஜாப் இரண்டாவதாக இருக்கிறது, ஆனால் அது முதல் எபிசோட் மாதிரியே எல்லாவற்றையும் மறுபடி விளக்குகிறது.

பழையடிவிடி:

உங்களிடம் இருப்பது சரியான வரிசைதான், மாற்றாதீர்கள். இரண்டு மணி நேர செரினிட்டி எபிசோட் முதலில், பிறகு டிரெய்ன் ஜாப். அதில் வரும் விளக்கமெல்லாம் சேனலுக்காகத் திணித்தது, பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் டிவியில் வராத மூன்று, டிராஷ், த மெசேஜ், ஹார்ட் ஆஃப் கோல்ட், கடைசிப் பக்கம் இருக்கும், மூன்றையும் விடாதீர்கள். கடைசி எபிசோட் ஆப்ஜெக்ட்ஸ் இன் ஸ்பேஸ் முடிந்த பிறகுதான் சினிமா. செரினிட்டி என்ற பெயர் இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதால் பலர் படத்தை முதலில் போட்டுவிட்டு, யார் சாகிறார்கள் என்று தெரிந்த பிறகு தொடருக்கு வருகிறார்கள். மழைநிலா சொன்ன குறையையும் மனதில் வைத்துப் பாருங்கள், மூன்றாவது எபிசோடிலேயே உங்களுக்கும் தெரிய ஆரம்பிக்கும்.